நீலச் சாயமும் தொப்புள்கொடித் துண்டும்

நீங்கள் இருவரும் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில், மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் ஒன்று கேட்டீர்கள். ஸ்லைடை எவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்று. நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பார்த்துக்கொண்டே இருங்கள், வந்துவிடும்" என்று ஏதோ சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். புதிதாக வந்தவர்களிடம் இப்படி மழுப்பிவிட்டோமே என்று வீட்டுக்குப் போன பிறகு வெகுநேரம் உறுத்தியது.

இந்த மாதத்தோடு நான் கிளம்புகிறேன். வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். இரண்டாவது பிரசவம் முடிந்து, குழந்தை கொஞ்சம் தலையெடுத்த பிறகுதான் மறுபடியும் மைக்ராஸ்கோப். நீங்கள் எனக்கு வைத்திருக்கும் "இளம் பென்ஷனர்" என்ற பட்டப்பெயர் என் காதிலும் விழுந்தது. கோபமில்லை. பென்ஷன் வாங்குகிறவர்கள் கேட்காமலே புத்தி சொல்லலாம் என்று நம் ஊரில் ஒரு சலுகை இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைக் கவரிலிருந்து உருவி மறுபடி படிப்பேன். இந்த மனசை வைத்துக்கொண்டு நோய்க்குறியியல் படித்திருக்கவே கூடாது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நாம் எழுதும் ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் கத்தியை எடுக்கிறார். அந்த வார்த்தையைத் தினமும் எழுத வேண்டிய வேலை, சந்தேகப் பிராணிக்கு ஏற்ற வேலையா? ஏற்ற வேலைதானோ என்று என்னை முதல்முறையாக நினைக்க வைத்த ஒரு கேஸைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலும் அதற்குள் இருக்கிறது.

அப்போது நான் இங்கே சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு நான் போன் பண்ணிப் பண்ணி, "அக்கா, பிள்ள நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் நல்லால்ல" என்று அவளே சொல்லும் அளவுக்குப் போயிருந்தது. அந்த ஆடி மாசத்தில், சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் கணவனோடு வந்தாள். மாரீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். நான்கு வயதில் ஒரு பையன். வலது மார்பில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி.

வேறொரு இடத்தில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்திருந்தார்கள். ஊசியில் வந்தது பெரும்பாலும் ஜெல்லி, செல்கள் கொஞ்சம்தான். "ஜெல்லி சுரக்கும் வகைப் புற்றுநோயாக இருக்கக்கூடும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சர்ஜன் கொஞ்சம் பெரிய ஊசியால் சதைத் துண்டு எடுத்து, மாரீஸ்வரியின் கணவன் கையிலேயே பாட்டிலைக் கொடுத்து என்னிடம் அனுப்பியிருந்தார். சர்ஜன் அவளைப் பார்த்த நர்ஸிங் ஹோமுக்கு வாரத்தில் ஒருநாள் மட்டும் வருகிறவர். அவர் அடுத்து வரும் வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தாகிவிட்டது. மார்பை முழுவதும் எடுத்துவிடுவது என்று ஏற்பாடு.

மாரீஸ்வரி கணவனிடமிருந்து பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லிருவீகளா? இத விட்டா நான் தீவாளி கழிச்சுத்தான் வர முடியும். சீசன் சூடு பிடிச்சிருச்சு. இப்ப லீவு போட்டா போர்மேன் வேற ஆளப் போட்ருவாரு."

"அவ கெடக்கா, நீங்க நிதானமாப் பாருங்க டாக்டரம்மா" என்றான் கணவன்.

"இவுகளுக்கென்ன, லோடு ஏத்தி இறக்கிட்டுப் போயிருவாக. சரம் யாரு பின்னுவா?" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "எடுக்கணும்னா எடுத்துரட்டும். ஆனா எடுக்கணுமான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

இதற்கு நான் சொன்ன பதில் எனக்கு நினைவில்லை. கட்டாயம் நான் சொல்ல நினைத்ததைவிட நீளமாக ஏதோ சொல்லியிருப்பேன்.

ஸ்லைடு தயாரானதும் பார்த்தேன். ஊசி போட்டுப் பார்த்தவர்கள் சொன்னது பொய்யில்லை. எங்கும் ஜெல்லி. வெளிறிய ஏரிபோல் அது பரவிக் கிடக்க, ஓரங்களில் கரையொதுங்கியதுபோல் சில செல்கள். சதைத் துண்டு மெல்லிசு, நசுங்கியும் இருந்தது. செல்கள் ஜெல்லிக்குள் மிதக்கின்றனவா, அல்லது ஜெல்லி செல்களைச் சுற்றி ஒதுங்கியிருக்கிறதா? ஒருமுறை பார்த்தால் மிதப்பதுபோல் இருந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மிதக்கவில்லை.

இந்த இடத்தில் ஜெல்லியைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் படித்ததுதான். ஆனால் பரீட்சைக்குப் படிப்பது வேறு, ஒரு பெண்ணின் மார்பு அதை நம்பி இருக்கும்போது படிப்பது வேறு.

மார்பில் ஜெல்லி இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, புற்றுநோய்ச் செல்களே சளிபோல் சுரந்து, தாங்கள் சுரந்ததிலேயே மிதப்பது. இன்னொன்று, செல்களுக்கு இடையில் இருக்கும் இணைப்புத் திசு, புரோட்டியோகிளைக்கான் என்ற பொருளை அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொள்வது. பால் பாட்டில் கழுவும் பிரஷை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புரதத் தண்டு. சுற்றிலும் மயிர்போலச் சர்க்கரை இழைகள். அந்த இழைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரஷ்கள் பெருகினால் தண்ணீரும் பெருகும், திசு ஜெல்லியாகிவிடும். தீங்கில்லாத நார்க்கட்டியிலும் இது நடக்கும். இளம் பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட நார்க்கட்டிகள்தான்.

சாதாரணச் சாயத்தில் இரண்டு ஜெல்லியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆல்ஷியன் நீலம் என்ற சிறப்புச் சாயம் போட்டாலும் இரண்டும் நீலமாகத்தான் நிற்கும்.

வேறுபடுத்த ஒரு வழி உண்டு என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு வரி எனக்கு நினைவு வந்தது. ஹையலுரோனிடேஸ் என்ற நொதியில் ஸ்லைடை ஊறவைத்துவிட்டுப் பிறகு நீலச் சாயம் போட வேண்டும். இணைப்புத் திசுவின் சர்க்கரை இழைகளை அந்த நொதி அரித்துவிடும். அங்கே நீலம் பிடிக்காது. புற்றுநோய்ச் செல் சுரந்த சளியை அதால் தொட முடியாது; நீலம் அப்படியே நிற்கும். விடைத்தாளில் அழகாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். செய்து பார்த்ததில்லை. நம் ஆய்வுக்கூடத்தில் அந்த நொதியும் இல்லை.

நான் தயங்கிக்கொண்டிருந்த சமயத்தில் சர்ஜன் போன் செய்தார்.

"என்னம்மா, ஆமாவா இல்லையா?"

"இன்னும் ஒரு டெஸ்ட் பார்க்கணும் சார்."

"சந்தேகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப 'சந்தேகம் இருக்கு'ன்னே எழுதிக் கொடுத்துருங்க. எனக்கு அது போதும். ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் அப்படி இருக்கு. உங்களுதும் அப்படின்னா நான் எடுத்துருவேன். விட்டு வச்சு, பின்னால பரவிருச்சுன்னா யாரு பொறுப்பு?"

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பரவிய நிலையில் வந்த பெண்களை எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தவர் அவர். ஆனால் அவர் சொன்ன வழி எவ்வளவு வசதியானது என்பதைக் கவனியுங்கள். "சந்தேகத்துக்கு இடமிருக்கிறது" என்று எழுதினால் நான் தப்பித்தேன். பின்னால் புற்றுநோய் என்று தெரிந்தால், சொன்னேனே என்பேன். இல்லை என்று தெரிந்தால், சந்தேகம் என்றுதானே எழுதினேன் என்பேன். எனக்கு ஒன்றும் ஆகாது. மாரீஸ்வரிக்கு மட்டும் ஒரு மார்பு போயிருக்கும்.

"வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் கை கழுவுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன் சார்" என்றேன். போனை வைத்த பிறகுதான், ஏன் அப்படிச் சொன்னோம் என்று தோன்றியது.

நொதிக்கு எங்கே போவது? மதுரைக்கு ஆள் அனுப்பலாம். கிடைக்கும் என்று யார் கண்டது? அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஞாபகம் வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் மரப்பு ஊசி போடும்போது, மருந்து சீக்கிரம் பரவுவதற்காக இதே ஹையலுரோனிடேஸைத்தான் கலப்பார்கள். திசுக்களுக்கு இடையே வழி உண்டாக்குவது அதன் வேலை. அடுத்த தெருவிலேயே கண் டாக்டர் இருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் சிக்கனக்காரர்.

"இதுக்கு எதுக்கும்மா புதுசு? காலையில கேஸுக்குக் கரைச்சது பாதி மிச்சம் இருக்கு, தூரத்தான் போறேன். எடுத்துக்கிட்டுப் போங்க" என்று ஒரு குப்பியை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பிரச்சினை சாட்சி. இந்த டெஸ்டைக் கட்டித் துண்டில் மட்டும் செய்தால் அதற்கு மதிப்பில்லை. நொதி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சாட்சித் திசு பக்கத்திலேயே வேண்டும்: நீலம் நிச்சயமாகப் போக வேண்டிய திசு. நீலம் போகவே கூடாத திசுவுக்குக் குடல் துண்டு நம்மிடம் இருந்தது. போக வேண்டியதற்கு உலகம் முழுவதும் வைத்துக்கொள்வது தொப்புள்கொடி. அதற்குள் இருக்கும் வழவழப்பு முழுக்க இந்த இழைகள்தான். அதனால்தான் குழந்தை வயிற்றுக்குள் எவ்வளவு புரண்டாலும் கொடி நசுங்குவதில்லை. என் மகள் வயிற்றில் இருந்தபோது கொடி சுற்றிக்கொள்ளுமோ என்று நான் கவலைப்பட்டபோதெல்லாம் இந்தப் பாடத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். தினமும் எத்தனை பிரசவம்! பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில், காலையில் பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண்ணின் கட்டிலருகே போய் நின்றேன். மல்லாங்கிணறுப் பக்கத்துக் குடும்பம், நிலபுலன் உள்ளவர்கள். அவளுடைய அத்தை வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொடியையா கேக்கீக?" என்று அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தலைச்சன் ஆம்பளப் பிள்ளக் கொடி. அத வாங்கி என்ன செய்வீக?"

"ஒரு டெஸ்டுக்கு அம்மா. விரல்நுனி அளவு போதும்."

"போன வாட்டி எங்க ஊர்ல ஒருத்தி இப்படித்தான் கேட்டு வந்தா. மை போடறதுக்குன்னு பின்னால தெரிஞ்சது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. தலைப்பிள்ளையின் கொடியை மந்திர தந்திரத்துக்கு எடுத்துப்போவார்கள் என்ற பயம். படித்தவள் என்ற மிதப்பில் ஒரு கணம் எனக்கு எரிச்சல் வந்தது. உடனே என் மகளின் காய்ந்த கொடித்துணுக்கு வெள்ளித் தாயத்துக்குள் எங்கள் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருப்பதும் நினைவு வந்தது. அதை யாராவது வந்து கேட்டால் நான் கொடுப்பேனா?

அதனால் வாதாடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். சிவகாசிப் பக்கத்தில் ஒரு பெண், சின்ன வயசு, மார்பில் கட்டி, வெள்ளிக்கிழமை எடுத்துவிடப் போகிறார்கள், எடுக்க வேண்டுமா என்று பார்க்கத்தான் இது என்று.

"அவளுக்குப் பிள்ள இருக்கா?" என்றாள் அத்தை.

"நாலு வயசில் ஒரு பையன்."

கட்டிலில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "குடுத்துவிடுங்க அத்தே" என்றாள்.

"நீ சும்மா கெட. பச்ச ஒடம்புக்காரி." அத்தை என் பக்கம் திரும்பினாள். "எம் முன்னாலயே வெட்டணும். மிச்சத்த எங்கிட்டக் குடுத்துரணும். நாங்க பொதைக்கணும்."

ஒப்புக்கொண்டேன். அவள் கண்ணெதிரிலேயே நர்ஸ் ஒரு சின்னத் துண்டை வெட்டி என் பாட்டிலுக்குள் போட்டாள். அத்தை குனிந்து பாட்டிலை மோந்து பார்த்தாள். ஃபார்மலின் நெடி ஏறி, கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"ஆத்தாடி! இந்த வாடைக்குப் பேயே ஓடிரும். மந்திரவாதி எங்குட்டு நிப்பான்? கொண்டுக்கிட்டுப் போங்க, கொண்டுக்கிட்டுப் போங்க."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

கொடித் துண்டு பதப்பட்டு ஸ்லைடாக மாறும்வரை கண் டாக்டரின் குப்பி நம் பிரிட்ஜில் இருந்தது. வியாழக்கிழமை காலை டெஸ்டைச் செய்தேன். கட்டி, கொடி, குடல், மூன்றையும் சேர்த்தே ஊறவைத்துச் சாயம் போட்டாயிற்று. எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன்: ஆவல் தாங்காமல் முதலில் கட்டியின் ஸ்லைடை எடுத்தேன்.

நீலம் அப்படியே நின்றது. பளிச்சென்று, ஊறவைக்காத ஸ்லைடைப் போலவே.

அப்போது எனக்கு வந்த உணர்ச்சியை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. முடிவு கிடைத்துவிட்டது, இனி நான் யோசிக்க வேண்டாம். ரிசீவரைக் கையில் எடுத்தேன். சர்ஜனின் எண்ணைச் சுழற்றத் தொடங்கி, கொடியைப் பார்க்கவில்லையே என்று நிறுத்தினேன். பார்க்க என்ன இருக்கிறது, சம்பிரதாயம்தானே என்றது ஒரு மனசு. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போகிறவள் அல்லவா, இன்னொரு மனசு விடவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுக் கொடியின் ஸ்லைடைப் போட்டேன்.

அதுவும் நீலமாக இருந்தது. முழுக்க நீலம்.

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கொடியில் நீலம் போயே ஆக வேண்டும். போகவில்லை என்றால் நொதி செத்துவிட்டது. கரைத்து வைத்த நொதிக்கு ஆயுசு குறைவு. காலை ஆபரேஷனுக்குக் கரைத்தது மாலைக்கே பலவீனமாகிவிடும். பிரிட்ஜில் வைத்ததால் என்ன பிரயோஜனம்? இலவசமாகக் கிடைத்த பாதிக் குப்பி எனக்கு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தது. கொடி மட்டும் இல்லையென்றால் அந்தப் பொய்யை நான் சர்ஜனுக்குச் சொல்லியிருப்பேன். மறுநாள் அவர் அதை நம்பிக் கத்தியை எடுத்திருப்பார்.

ஓட்டமும் நடையுமாகக் கண் டாக்டரிடம் போனேன். "டாக்டர், திறக்காத குப்பி வேணும்" என்றேன். மூச்சு வாங்கியதைப் பார்த்து அவர் பயந்துபோய், எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் மறுபடி செய்தேன். இந்தமுறை கொடியைத்தான் முதலில் பார்த்தேன். வெளுத்திருந்தது. மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி, கோடுகள் மட்டும் தெரிய, நிறம் எங்கோ போய்விட்டிருந்தது. குடல் துண்டில் நீலம் குத்துக்கல்லாக நின்றது. இரண்டு சாட்சியும் உண்மை பேசின. அதன் பிறகுதான் கட்டியின் ஸ்லைடை வைத்தேன்.

வெளுத்திருந்தது. அத்தனை ஏரியும் வற்றிவிட்டது.

சந்தோஷத்தில் கத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை, உடனே அடுத்த பயம் வந்தது. இதைக் கவனமாகக் கேளுங்கள், பாடப்புத்தகத்தில் இது வேறு அத்தியாயத்தில் இருக்கும், இரண்டையும் சேர்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். நீலம் மறைந்தது, இந்த ஜெல்லி புற்றுச் செல் சுரந்த சளி அல்ல என்பதைத்தான் சொல்கிறது. புற்றுநோய் இல்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் புற்றுநோய்க்கும் புரோட்டியோகிளைக்கான் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஏன் இடம் விடுகிறார்கள்? ஏன் மண்மேடு போடுகிறார்கள்? ஒரு அறையில் பற்றினால் மற்றொன்றுக்குத் தாவக் கூடாது என்பதற்கு. ஆபத்து வெடிமருந்தில் மட்டும் இல்லை. நடுவில் என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. செல்களுக்கு நடுவிலும் அப்படித்தான். அங்கே இருக்கும் புரோட்டியோகிளைக்கான்களில் சில மண்மேடு மாதிரி. வளரச் சொல்லும் தூதுகளைப் பிடித்து நிறுத்திவைக்கும். சில வகை, புற்றுநோயின் தூண்டுதலால் பெருகி, இறுகியிருந்த திசுவைத் தண்ணீர் கோத்துத் தளர்த்தி, செல்கள் நகர்ந்து போக வழிவிடும். இன்னும் சில, வளர்ச்சித் தூதுகளைக் கிடங்கில் போட்டு வைத்ததுபோல் சேர்த்து வைத்திருக்கும். புற்றுநோய் அந்தக் கிடங்கின் பூட்டை அறுத்து எடுத்துக்கொள்ளும். மண்மேட்டையே சரித்துப் பாதையாக்குவதைப் போன்ற வேலை. ஆகவே ஜெல்லி யாருடையது என்பதைச் சாயம் சொல்லும். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குச் செல்களிடம்தான் போக வேண்டும்.

போனேன். நீலம் போனதில் ஒரு நன்மை, அது மறைத்திருந்த செல்கள் இப்போது தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு பால்குழாயைச் சுற்றியும் இரண்டு வரிசைச் செல்கள், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, வரிசை கலையாமல். புற்றுநோய் பரவினால் அறுபடும் அந்த வெளி வரிசை எங்கும் அறுபடவில்லை. ஜெல்லிக்குள் தனியாக ஒரு செல்லும் அலையவில்லை. மிதப்பதாகத் தெரிந்ததெல்லாம் ஊசி நசுக்கியதால் குழாயிலிருந்து பிய்ந்து வந்த ஓரங்கள். எழுந்து போய் மகள் என்ன செய்கிறாள் என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் இரண்டு வரிசைதான்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: தீங்கற்ற நார்க்கட்டி, ஜெல்லி மாற்றத்துடன். துண்டு சிறியது என்பதால் கட்டியை மட்டும் முழுவதும் எடுத்து அனுப்பவும், எல்லா ஓரங்களையும் பார்த்து உறுதி செய்யப்படும். சந்தேகம் என்ற வார்த்தையை எழுதவில்லை. சர்ஜனுக்குப் போன் போட்டேன்.

"நிச்சயமாச் சொல்றீங்களா?" என்றார்.

"எடுத்த துண்டில் நிச்சயம் சார். எடுக்காததைப் பற்றி எனக்குத் தெரியாது. அதனால்தான் முழுக் கட்டியையும் கேட்கிறேன்."

"முழுக் கட்டியில் வேற மாதிரி வந்தா?"

"நானே முதலில் உங்களைக் கூப்பிடுவேன் சார். அப்படி வந்தால் மறுபடி ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று மாரீஸ்வரியிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். எடுத்த மார்பைத் திருப்பி வைக்க முடியாது. ஆபரேஷனை மறுபடி செய்யலாம்."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு போன் வந்தது. மாரீஸ்வரியின் கணவன். பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல்.

"டாக்டரம்மா, அவளுக்கு மயக்கம் தெளிஞ்சிருச்சு. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்றா. எனக்குச் சொல்லக் கூச்சமா இருக்கு."

"பரவாயில்லை, சொல்லுங்க."

"ரெண்டும் இருக்குன்னு சொல்லச் சொன்னா."

முழுக் கட்டியும் வந்து சேர்ந்தது. வழவழவென்று, உறை கிழியாமல், வெட்டினால் நொங்குபோல் மினுங்கியது. ஓரம் ஓரமாக வெட்டிப் பார்த்தேன். செய்யத் தேவையில்லாத இடங்களிலும் செய்தேன். எங்கும் உறையைத் தாண்டிய செல் ஒன்றுகூட இல்லை.

இனி உங்கள் கேள்வி. முடிவுக்கு வர முடியாதபோது என்ன எழுதுவது? தெரியாது என்று எழுத வேண்டிய நாட்கள் நிச்சயம் வரும். அதில் அவமானம் இல்லை. ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால், இந்த வார்த்தை யாரைக் காப்பாற்றுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். நோயாளியையா, நம்மையா? சந்தேகப்படுகிற குணம் உங்களுக்கும் இருந்தால் அதை விரட்டாதீர்கள். அதைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போடாமல், ஒரு வேலை கொடுங்கள். கொடியைப் பார்த்தாயா என்று கேட்பது அதன் வேலையாக இருக்கட்டும். விரும்பிய விடை கிடைத்த நாளில்தான் அது இன்னும் அவசியம். அன்று நாம் பார்ப்பதை நிறுத்திவிடுவோம்.

கடைசி ரிப்போர்ட்டை வாங்க மாரீஸ்வரி கணவனோடு வந்தாள். கவரைப் பிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாள். "புற்றுநோய் இல்லை. முழுக்கப் பார்த்தாயிற்று" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்துத் தண்ணீரை எடுத்து வைத்திருந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப திங்கக்கெழம வேலைக்குப் போகலாம்ல?" என்றாள்.

"தையல் பிரிக்காமலா?"

"சரம் பின்ன எடது கையே போதும் டாக்டரம்மா" என்றாள். போகக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, சரி என்று அரைமனதோடு கிளம்பினாள்.

அவர்கள் படியிறங்கும்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. நான் கதவருகே நின்றிருந்ததால் எல்லாம் கேட்டது.

"ஒங்க அக்கா, எம் பிள்ளைய யாரு வளக்கன்னு பஞ்சாயத்துப் பேசி முடிச்சிருச்சாமே? யாரு சொல்லச் சொன்னா அதுகிட்ட?"

"இல்ல தாயி, ஒரு பயத்துல..."

"பயத்துல! இப்ப நேரா அங்க போறோம். நான் சாகலன்னு நீகளே ஒங்க வாயால சொல்லுதீக. நான் பக்கத்துல நின்னு கேக்கணும்."

"சரி, சரி, மெதுவா எறங்கு. தையல் விட்டுரப் போகுது."

"விட்டா திரும்பப் போடுவாக. எனக்கு ரோசம் விட்டா யாரு போடுவா?"

தெருவில் இறங்கியும் அவள் நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்வரை அவள் கைவீசித் திட்டிக்கொண்டே போனதையும், அவன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனதையும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் எத்தனையோ வருஷங்களுக்கு அந்தப் பையனை அவளேதான் திட்டி வளர்க்கப் போகிறாள் என்று நினைத்தபோது, பல நாட்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.